புதுப்பிப்பு: அடிவாரத்தில் ரேடியோ கரகரத்த விஷயம்

போன மாதம் புலம்பியிருந்தேன்: சேலத்தில் எங்கள் சமுதாய வானொலி ஏற்காடு அடிவாரம் பக்கம் கரகரவென்றுதான் கேட்கிறது, பவரைக் கூட்டலாமா, அலைவரிசையை மாற்றலாமா என்று.

இரண்டும் நம் இஷ்டத்துக்கு இல்லை. அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு, அவர்களைக் கேட்காமல் ஒரு புள்ளிகூட நகர்த்த முடியாது. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறனுக்கு, அதாவது ஈ.ஆர்.பி.க்கு, சமுதாய வானொலிகளுக்குப் பொதுவான வரம்பு 100 வாட். தக்க காரணம் காட்டினால் 250 வரை பரிசீலிப்பார்கள். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டரைத் தாண்டக் கூடாது.

சரி, 100-ஐ 200 ஆக்கினால்? கூடுவது வெறும் 3 டெசிபெல் (சிக்னல் பலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு). எஃப்.எம். அலை நேராகப் போகிற ஆசாமி, சேர்வராயன் மலையைச் சுற்றிக்கொண்டு போகாது.

கூடுதல் பவர் கேட்டு விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று டவரில் ஆளை ஏற்றினோம். கேபிள் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர்! பாதிப் பவர் ஆன்டெனாவுக்கே போகாமல் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. (ஒரு அண்ணன் இதை அப்போதே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை.)

கனெக்டரை மாற்றியாச்சு. அடிவாரத்து டீக்கடையில் இப்போது தெளிவாகக் கேட்கிறது. மலைக்கு அந்தப்புறம் இன்னும் இல்லை. விண்ணப்பம் மேசையிலேயே இருக்கிறது.