புதுப்பிப்பு: ஹட்டன் நாவல் பட்டறை

முதல் நாவலை ஒழுங்காக எழுத ஹட்டன் பட்டறைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு.

காலை அமர்வு சுமார்தான். பின்னேரம்தான் விஷயமே. என் முதல் அத்தியாயத்தை வாசித்தேன்: மலையகத் தமிழர் எந்த நாட்டுக்குரியவர்கள் என்று இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை... நடத்திய அக்கா இடைமறித்தார். “தம்பி, இது சரித்திரப் பாடம். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகள்ல யாரு பெட்டி கட்டுனா, யாரு கட்டல? அதச் சொல்லுங்க.”

இப்போது கதை பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் தோட்டத் தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் இடத்தில், தொடங்குகிறது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். ஒருத்தியிடமிருந்து பதில் இல்லை. அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேற தலைமன்னாருக்கு ரயிலேறிவிட்டது. (ஒப்பந்தம் நாலாம் அத்தியாயம் வரை வாயே திறக்காது!)

அங்கே பழக்கமான சிலரோடு வாட்ஸ்அப்பில் அத்தியாயங்களை மாற்றி வாசிக்கிறோம். பண்டாரவளைப் பக்கம் எழுதுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.