திரவ நைட்ரஜன் பம்ப் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் சரிகிறது: எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். சேமிப்பு டேங்கிலிருந்து டேங்கர் லாரிக்குத் திரவ நைட்ரஜனை ஏற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. பம்பை ஓடவிட்டு ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் வெளிவரும் அழுத்தம் சரிந்து, மோட்டாரின் ஆம்பியர் இறங்கி, உள்ளே கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதைப் போன்ற சத்தம் கேட்கிறது. நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினாலும் அப்படியேதான். பம்பின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்த பிறகே ஓட்டுகிறேன். ஏற்றி முடித்ததும் இருபுற வால்வுகளையும் இறுக மூடிவிடுவது எங்கள் வழக்கம். விரைவில் இதே குழு திரவ ஆக்சிஜன் பம்பையும் கவனிக்க வேண்டியிருப்பதால், சரியான முறையை இப்போதே கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

பதில் 1:
உறைபனியை நம்பியதுதான் தவறு. உலோகம் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே காற்றின் ஈரம் அதன்மேல் உறைந்துவிடும்; நைட்ரஜனோ மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. வெளியே வெள்ளையாகத் தெரியும் பம்ப், உள்ளே வரும் திரவத்துக்குக் காய்ந்த தோசைக்கல்லாகவே இருக்கக்கூடும். டேங்கில் இருக்கும் திரவம் ஏறத்தாழ தன் கொதிநிலையிலேயே இருப்பதால், உறிஞ்சு குழாயில் சிறிது வெப்பம் நுழைந்தாலும், சிறிது அழுத்தம் குறைந்தாலும் குமிழிகள் உண்டாகி, பம்பின் பிடி விட்டுப்போகிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அந்தக் குமிழிகள் இம்பெல்லரில் (பம்பின் உள்ளே சுழலும் சக்கரத்தில்) நொறுங்கும் சத்தம். அந்த நிலையில் ஓட்ட ஓட்ட, சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலும் பேரிங்கும் கெடும்.

உறிஞ்சு வால்வை மெதுவாகத் திறந்து, பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் வென்ட் வழியாக ஆவியை வெளியேற விடுங்கள். முதலில் சீறிச் சீறி, விட்டுவிட்டு வரும். பிறகு திரவம் ஒரே சீராக வரத் தொடங்கும். பம்பின் உடலில் வெப்பமானி இருந்தால் அதன் அளவும் இறங்கி ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். அதுவரை மோட்டாரைத் தொடாதீர்கள். உறிஞ்சு குழாய் குட்டையாகவும் அகலமாகவும், நல்ல காப்புறையுடனும், ஆவி டேங்குக்கே திரும்பி ஏறும்படிச் சரிவாகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது பம்பைக் காக்கும். நான் சொல்ல வருவது உங்களைக் காக்க. இருபுறமும் இறுக மூடும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சூடாகி அறை வெப்பநிலைக்கு வந்தால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். இரண்டு வால்வுகளுக்கு நடுவே சிக்கிய திரவத்துக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் குழாயோ வால்வோ வெடித்துத்தான் தீரும். மூடக்கூடிய எந்த இரு வால்வுகளுக்கு நடுவிலும், அழுத்தம் மீறினால் தானே திறந்துகொள்ளும் ஒரு சேஃப்டி வால்வு இருந்தே ஆக வேண்டும். பால் வால்வு (உள்ளே ஒரு பந்து திரும்பி வழியைத் திறந்து மூடும் வகை) என்றால், மூடியபோது பந்தின் வயிற்றுக்குள்ளும் திரவம் தங்கும். அதற்காகவே பந்தில் ஒரு சிறு துளை இட்டிருப்பார்கள். வால்வின் உடலில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, அந்தத் துளை அழுத்தம் வரும் பக்கம் இருக்கும்படி பொருத்துங்கள். கழற்றிப் பூட்டும் எவரும் அதைத் திருப்பி மாட்டிவிடலாம் என்பதால், பராமரிப்பு முடிந்த ஒவ்வொரு முறையும் நானே சென்று பார்ப்பேன்.

பதில் 3:
ஆக்சிஜன் பம்புக்கு நைட்ரஜன் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய், கிரீஸ், சாதாரணத் துணியின் பிசிறுகூட அங்கே எரிபொருள்தான். அந்தப் பம்புக்கான பாகங்களையும் கருவிகளையும் எண்ணெய் நீக்கித் தனியே வையுங்கள். ஏற்றும் இடத்தின் தரை தார் போட்டதாக இருக்கக் கூடாது. திரவ ஆக்சிஜன் ஊறிய தார், ஒரு தட்டிலேயே வெடிக்கக்கூடும். உடையில் ஆக்சிஜன் படிந்தால், தீயிலிருந்து விலகித் திறந்தவெளியில் நன்றாகக் காற்றாட விடுங்கள்.

நைட்ரஜனிடம் எதிர்ப்பக்க ஆபத்து: மணமில்லாமல் ஆக்சிஜனை விலக்கிவிடும். காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும் கருவி இல்லாமல் மூடிய இடத்துக்குள் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் மூடுபனிதான்; நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. அது முடியும் இடத்தில் ஆபத்தும் முடிந்ததாக எண்ணாதீர்கள். காப்புறையில்லாத நைட்ரஜன் குழாயிலிருந்து சொட்டுவதும் தண்ணீர் அல்ல. ஆக்சிஜன் மிகுந்த திரவக் காற்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று வென்டில் திரவம் சீராக வரும்வரை காத்திருந்தோம். நான் நினைத்ததைவிட நெடுநேரம் ஆயிற்று. பம்ப் சத்தமின்றி ஓடியது. ஆனால் குழாயை நடந்து பார்த்தபோது, சேஃப்டி வால்வு இல்லாத ஒரு துண்டு இருப்பது தெரிந்தது. அது பொருத்தப்படும்வரை ஏற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.