பட்டி ஹாலி: ஒரே பாடகருக்கு ஏன் இரண்டு லேபிள்?

கேள்வி: அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் 1957 இசைத்தட்டுகளில் சில பிரன்ஸ்விக் லேபிளில் (வெளியீட்டுப் பெயரில்) 'தி கிரிக்கெட்ஸ்' பெயரில், சில கோரல் லேபிளில் பட்டி ஹாலி பெயரில். வாசித்தவர்கள் வேறயா?

பதில் 1: பெரும்பாலும் அதே ஆட்கள்தான். சிக்கல் ஒப்பந்தத்தில். 1956-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நாஷ்வில்லில் பதிவான பாடல்களை 5 வருஷத்துக்கு வேறெங்கும் மறுபதிவு செய்யக்கூடாது. 'தட்'ல் பி த டே' அதில் ஒன்று. 1957 பிப்ரவரியில் நியூ மெக்ஸிகோவின் க்ளோவிஸில், தயாரிப்பாளர் நார்மன் பெட்டியின் ஸ்டூடியோவில் அதைத் திரும்பப் பாடியபோது, ஹாலியின் பெயரை மறைக்கக் குழுப் பெயர் தேவைப்பட்டது. வேடிக்கை என்னன்னா, பிரன்ஸ்விக், கோரல் இரண்டுமே டெக்காவின் கிளைகள்!

பதில் 2: காதால் பிரிக்கணும்னா பின்னணிக் குரல்களைக் கவனியுங்க. கிரிக்கெட்ஸ் தட்டுகளில் பெரும்பாலும் பிறகு சேர்த்த கோரஸ் இருக்கும். தனிப்பெயரில் வந்தவற்றில் அநேகமா இருக்காது.

பதில் 3: நார்மன் பெட்டி ஸ்டூடியோ கட்டணத்தை மணிக்கணக்கில் இல்லாமல் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார், அதனால் நிதானமா சோதனை செய்ய முடிந்தது. 'பெக்கி சூ'வில் டிரம்ஸ் உருண்டு உருண்டு வருவது எக்கோ அறையின் (எதிரொலி சேர்க்கும் அறை) ஒலியை மாற்றி மாற்றித் திறந்து மூடியதால். 'எவ்ரிடே'யில் டிரம்ஸே கிடையாது. கிரிக்கெட்ஸ் டிரம்மர் ஜெர்ரி அலிசன் தொடையில் தட்டுகிறார், மணி போல ஒலிப்பது செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியம். 1958 அக்டோபர் நியூயார்க் வயலின் பதிவுகள் வேறு ரகம், கடைசியில் கேளுங்க.