கம்சட்கா நிலநடுக்கம்: என் சுருளில் பதிவானது ஒன்றா, நான்கா?

கரூர்_சுருள்:
எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக வீட்டில் ஓர் அதிர்வுமானி ஓடுகிறது, நானே செய்தது. பிள்ளைகள் விளையாடும் ஸ்லிங்கி சுருளை அக்ரிலிக் குழாய்க்குள் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஒரு காந்தம், காந்தத்துக்குக் கீழே செம்புக் கம்பிச் சுற்று. சும்மா ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்று இன்னொரு காந்தத்தைச் செம்புக் குழாய்க்குள் இறக்கியிருக்கிறேன். ஸ்டோர் ரூம் தரையில் வைத்திருக்கிறேன், சிமெண்டுக்கு அடியில் நேராகப் பாறைதான்.

2025 ஜூலை 30 அதிகாலைப் பதிவைத்தான் இன்னும் புரிந்துகொள்ள முயல்கிறேன். ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம் வந்தது நம் நேரப்படி 4:54:52. என் பதிவில் 5:06:45 வாக்கில் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம். 5:09 தாண்டி அரை நிமிடத்தில் இன்னொன்று. 5:16க்கு மேல் ஏதோ ஒரு கலக்கம், தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் 5:31 முதல் அரை மணி நேரத்துக்கும் மேலாக, தூங்குகிறவரின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல மெதுவான பெரிய அலைகள். இவை தனித்தனிப் பின்னதிர்வுகளா, எல்லாம் ஒன்றேதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று கிலோமீட்டரில் ஒரு கல் குவாரி இருக்கிறது. மதியம் வெடி வைத்தால் திரையின் மேலும் கீழும் கோடு முட்டுகிறது. 8.8 எப்படி அதைவிடச் சின்னதாகத் தெரிகிறது?

பாறைமேல்_வீடு:
எல்லாம் ஒரே நிலநடுக்கம்தான் நண்பரே. அருமையான பதிவு, அழித்துவிடாதீர்கள்.

கரூரிலிருந்து அந்த மையம் சுமார் 8,500 கி.மீ., பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணத்தில் 76 டிகிரி தாண்டி. அந்தத் தூரத்துக்கு பி அலை, அதாவது எல்லாவற்றுக்கும் முதலில் வந்து சேரும் அலை, வர 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 4:54:52 உடன் கூட்டிப் பாருங்கள், உங்கள் 5:06:45 வந்துவிடும். மேலோடு பக்கமாக ஓடிவந்த அலை இல்லை அது. பூமிக்குள் கிட்டத்தட்ட 2,000 கி.மீ. ஆழம் இறங்கி, வளைந்து, உங்கள் ஸ்டோர் ரூமுக்கு அடியிலிருந்து ஏறி வந்திருக்கிறது. இதை முதல் முறை கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

அதைவிட மெதுவாக வரும் எஸ் அலை சுமார் 21 நிமிடம் 40 நொடியில் வரும், அதாவது 5:16:30ஐ ஒட்டி. தூரத்துக்குச் சாவி இந்த பி–எஸ் இடைவெளிதான். 5 நிமிடம் என்றால் 3,300, 3,400 கி.மீ., 8 நிமிடம் சொச்சம் என்றால் 6,700, பத்தை நெருங்கினால் 8,500. நேர்கோட்டில் ஏறாது, ஏனென்றால் தூரம் கூடக்கூட அலை ஆழமாகப் போகிறது, ஆழத்தில் வேகம் அதிகம். உங்களுக்கு எஸ் கலங்கலாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் எஸ் அலை தரையைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் ஆட்டும், உங்கள் சுருளோ மேலும் கீழும் ஆடுவதை மட்டும் பிடிக்கும்.

குவாரி விஷயத்துக்கு: கோட்டின் உயரத்தைப் பார்க்காதீர்கள், ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். வெடி அதிர்வு நொடிக்குப் பல முறை துடிக்கும், சில நொடிகளில் முடிந்துவிடும். 5:31க்கு மேல் வந்தவை ரேலி அலைகள், பூமியின் மேற்பரப்பை ஒட்டி ஓடுபவை, ஓர் ஆட்டத்துக்கே 20 முதல் 40 நொடி. உங்கள் சுருளின் சொந்த அலைவு ஒரு நொடி சுமாருக்குத்தான் இருக்கும், அவ்வளவு மெதுவான ஆட்டத்தை அது சரியாக உணராது. தரை நிஜத்தில் அசைந்ததில் சின்னத் துண்டைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

அலைவரிசை77:
அந்த 5:09 நடுக்கத்துக்கு மேலே பதில் வரவில்லை, எனக்கு அதுதான் இதில் பிடித்தது. அது பிபி அலை. கம்சட்காவிலிருந்து கிளம்பி, பாதி வழியில் தரைமட்டத்துக்கு ஏறி, அங்கே மோதித் திரும்ப உள்ளே இறங்கி, மறுபடி உங்களிடம் ஏறி வருவது. கம்சட்காவுக்கும் உங்களுக்கும் நடுப்புள்ளி எங்கே என்று பார்த்தேன், வட சீனத்தில் மஞ்சள் ஆறு பெரிதாக வளைந்து போகிறதே, அந்தப் பக்கம். அங்கே மோதிய அலை பி அலைக்கு மூன்று நிமிடம் பின்னால் வர வேண்டும், வந்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் பலர் இதை எஸ் என்று எடுத்துக்கொண்டு தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுவார்கள், கவனம்.

வேண்டிய வேகத்து ஆட்டங்களை மட்டும் பிரித்துக் காட்டும் ஃபில்டர் போடாமல் இவற்றைத் தேடாதீர்கள். பிக்கும் பிபிக்கும் 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை ஆட்டம்), ரேலிக்கு 0.02 முதல் 0.06. நடுவில் 5 முதல் 8 நொடிக்கு ஒன்றாக ஓயாமல் ஓடும் சிற்றலை கடலுடையது, அலைகள் எதிரெதிரே மோதிக் கடலடியை அழுத்துவதால் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் அது தடித்துவிடும், ஜூலை பதிவில் கட்டாயம் இருக்கும். கணினிக் கடிகாரத்தையும் இணைய நேரத்தோடு சரிபார்த்துக்கொண்டே இருங்கள். பத்து நொடி பிசகினால் வந்த அலை எது என்ற கணக்கே குழம்பிவிடும்.

பழைய_பென்டுலம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே நிலையத்தின் பி–எஸ் இடைவெளி தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. கரூரைச் சுற்றி 8,500 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னும் இரண்டு ஊர்க்காரர்கள் பதிவு கொடுத்தால் மூன்று வட்டம் வெட்டும் இடம் கிடைக்கும். அதனால் செய்திகளைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் அளவை எழுதி வையுங்கள், பார்த்த பிறகு கண் தானாகவே அந்த இடத்தில் எஸ் இருப்பதாகச் சொல்லிவிடும்.

தூரத்து நிலநடுக்கம் ஒன்று கருவியில் பதிந்ததை முதன்முதலாக அடையாளம் கண்டதும் பதிவு முதலில், செய்தி பிறகு என்றுதான். 1889 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரெபர்-பாஷ்விட்ஸ் என்பவர் வைத்திருந்த கிடைமட்ட ஊசல், கதவுபோல் பக்கவாட்டில் ஆடுவது, ஆடியது. அவர் அதை வைத்ததே வேறு வேலைக்கு, தரையின் நுண்ணிய சாய்வை அளக்க. ஜப்பானில் நிலநடுக்கம் வந்த செய்தியைப் பிறகு படித்துத்தான் நேரத்தைப் பொருத்திப் பார்த்தார். பத்தே ஆண்டில், 1899இல், நம் கொடைக்கானலுக்கே மில்ன் என்பவர் வடிவமைத்த அதிர்வுமானி வந்துவிட்டது.

கரூர்_சுருள்:
மூவருக்கும் நன்றி. நேற்று இரவு சொன்னபடி ஃபில்டர் போட்டேன். பிபி 5:09:36க்கு அழகாக நிற்கிறது. ரேலியில் முதல் அலைகள் 38 நொடி, 5:40க்கு அப்புறம் 20 நொடிக்குச் சுருங்குகின்றன. இது என் கருவியின் கோளாறா?

பாறைமேல்_வீடு:
கோளாறு இல்லை. நீண்ட அலை ஆழம்வரை தொட்டுக்கொண்டு ஓடுவதால் வேகம் கூடுதல், அதனால் முதலில் வருகிறது. குட்டை அலை மேலோட்டிலேயே தங்கிப் பின்னால் வரும். அந்தப் பாதையில் பெரும்பாலும் ஆசியக் கண்டம், மேலோடு தடிமன், திபெத் வேறு குறுக்கே இருக்கிறது. இனி ஒரு கிடைமட்ட ஊசலும் செய்யுங்கள், எஸ் தெரியும்.

கரூர்_சுருள்:
கதவு கீல் மாதிரி ஒரு சட்டம் பக்கத்து லேத்தில் சொல்லியிருக்கிறேன். அதே பாறையில்தான் வைக்கப் போகிறேன், வடக்கு–தெற்காக.