33 மணி நேரக் கோழிக்கரு: ஒரே வயதுக்கு மூன்று விதமான குறுக்குவெட்டுப் படம், எது சரி?

வைகைக்கரை:
வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் வளர்ச்சி உயிரியல் தாள் இருக்கிறது. வகுப்பில் நோட்ஸ் தருகிறார்கள். ஆனால் நூலகத்தில் இருக்கும் பெரிய பாடநூலை நானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. தவளை வரை சமாளித்தேன். கோழிக்கரு அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்.

ஒரே பக்கத்தில் மூன்று டி.எஸ். (குறுக்குவெட்டு) படங்கள். மூன்றின் கீழும் (அடைகாக்கத் தொடங்கியதிலிருந்து) 33 மணி நேரம் என்றே போட்டிருக்கிறது. முதல் படத்தில் நரம்புக்குழல் (பிறகு மூளையும் தண்டுவடமும் ஆவது) மூடி, உருண்டையாக இருக்கிறது. இரண்டாவதில் மேல்பக்கம் திறந்த பள்ளம். மூன்றாவதில் குழலும் இல்லை, அதன் கீழே கோல் போல ஓடும் நோட்டோகார்டும் இல்லை, நடுவில் பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக் (செல்கள் உள்ளே இறங்கும் கோடு போன்ற பள்ளம்) மட்டும். அந்த ஸ்ட்ரீக் சுமார் 18 மணி நேரத்தில் முழு நீளத்தை எட்டிவிட்டு அப்புறம் சுருங்கிவிடும் என்று முந்தைய பக்கத்திலேயே இருக்கிறதே? 33இல் எப்படி வந்தது? அச்சுப்பிழையா?

இன்னொரு சந்தேகம். ஃபேட், ஸ்பெசிஃபிகேஷன், டிடெர்மினேஷன் மூன்றுக்கும் வரையறை மனப்பாடம். வித்தியாசம் என்ன என்று தோழி கேட்டால் வாய் திறக்க முடியவில்லை.

ஸ்லைடுபெட்டி:
பிழை இல்லைம்மா. மூன்றும் சரி. ஒரே கருவைத் தலையிலிருந்து வால்வரை சீவினால் இந்த மூன்றும் வரிசையாகக் கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்தில் பல வருடம் இதே ஸ்லைடுகளோடு இருந்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகள்தான் கருவியலுக்குள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஸ்ட்ரீக்கின் முன்நுனியில் ஹென்சன்ஸ் நோட் என்று ஒரு தடிப்பு இருக்கும். ஸ்ட்ரீக் முழு நீளம் வந்ததும் அந்த நோட் வால் பக்கமாகப் பின்வாங்கத் தொடங்குகிறது. பின்வாங்கும்போதே தனக்கு முன்னால் நோட்டோகார்டை இட்டுக்கொண்டே போகிறது. அது கடந்துபோன பகுதியில்தான் நரம்புத்தகடு மடிந்து குழலாகிறது, இரண்டு பக்கமும் சோமைட்டுகள் (பிறகு முதுகெலும்பும் தசையும் ஆகும் கட்டிகள்) ஜோடி ஜோடியாகப் பிரிகின்றன. தலைப்பகுதி முதலில் தயாராகிவிடுகிறது, அதனால் அங்கே எல்லாம் முந்திக்கொண்டு நடக்கிறது. 33 மணி நேரத்தில் முன்பக்கம் மூளையின் மூன்று அறைகள் தெரியும். அதே நேரத்தில் வால்பக்கம் மிச்சமிருக்கும் ஸ்ட்ரீக் வழியாகச் செல்கள் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அதாவது வால்பக்கம் கேஸ்ட்ருலேஷன் (செல்கள் உள்ளே நகர்ந்து மூன்று படைகளாக அமையும் கட்டம்) முடியவே இல்லை. புத்தகம் கேஸ்ட்ருலேஷனை ஒரு அத்தியாயமாகவும் நரம்புக்குழலை அடுத்த அத்தியாயமாகவும் பிரித்துப் போடுகிறது. கரு அப்படிக் காத்திருப்பதில்லை.

ஆய்வகத்தில் 33 மணி நேர ஹோல் மவுண்ட் (வெட்டாத முழுக் கருவின் ஸ்லைடு) கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கூட்டு நுண்ணோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும், அதனால் முதலில் வெறும் கண்ணால் பார்த்துத் தலை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுக் கருவையும் பெரிதாக வரையுங்கள். அப்புறம் ஒரு காகித விளிம்பை அந்தப் படத்தின் மேல் குறுக்கே வைத்து, தலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்தி, 'இந்த இடத்தில் வெட்டினால் என்னென்ன வெட்டுப்படும்?' என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டி.எஸ். வரைந்து பாருங்கள். வரைந்த பிறகு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மணிக்கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். முட்டை எத்தனை நாள் வெளியே கிடந்தது, இன்குபேட்டர் எத்தனை டிகிரி என்பதைப் பொறுத்து அது முன்பின் ஆகும். சோமைட் ஜோடிகளை எண்ணுங்கள். கோழியில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி உருவாகும். 1951இல் கருவியலாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் அடைகாப்பு முழுவதையும் 46 நிலைகளாகப் பிரித்ததும் உருவத்தை வைத்துத்தான், கடிகாரத்தை வைத்து அல்ல.

முடிந்தால் உயிருள்ள கருவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு ஆய்வகத்திலேயே செய்யலாம். கடை முட்டை உதவாது, அது சேவல் சேராத லேயர் கோழியின் முட்டை. குஞ்சுப் பண்ணையிலோ சேவலோடு திரியும் நாட்டுக்கோழியிடமோ வாங்குங்கள். 38 டிகிரியில் மூன்று நாள், ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். அப்புறம் மழுங்கிய முனையில் சின்ன ஓட்டை போட்டு, சிரிஞ்சால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சிவிட்டால் கரு ஓட்டிலிருந்து கீழே இறங்கும். மேலே ஜன்னல் வெட்டினால் ரத்தக்குழாய் வலை நடுவே சிவப்பாக ஒரு புள்ளி துடிக்கும். கருவும் உடம்பை ஒருக்களித்துத் திரும்பத் தொடங்கியிருக்கும். அதிலும் தலையும் மேல்பாதியும்தான் முதலில் திரும்பும்.

மீன்முட்டை:
சார் முதல் கேள்வியை முடித்துவிட்டார், நான் இரண்டாவதற்கு வருகிறேன். இந்த மூன்றையும் வரையறையாகப் படிக்காதீர்கள். மூன்றும் மூன்று பரிசோதனைகள்.

செல்லைத் தொந்தரவு செய்யாமல் அடையாளம் மட்டும் இட்டு, அது கடைசியில் என்னவாகிறது என்று பார்த்தால் தெரிவது ஃபேட். 1920களில் கருவியலாளர் வோக்ட் நீர்நில வாழ்வன கருக்களின் மேல் சாயமேற்றிய அகார் துண்டுகளை வைத்துச் செய்தது இதுதான். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, எந்தச் செய்தியும் கிடைக்காத சாதாரணக் கரைசலில் தனியே வளர்த்தால் அது தானாக என்னவாகிறதோ, அது ஸ்பெசிஃபிகேஷன். கருவின் வேறொரு இடத்தில் ஒட்டி, சுற்றியிருப்பவை வேறு செய்தி சொன்ன பிறகும் அது தன் பழைய வழியிலேயே போனால் டிடெர்மினேஷன் முடிந்துவிட்டது.

ஜெர்மன் கருவியலாளர் ஸ்பீமன் நியூட் (வாலுள்ள நீர்நில வாழ்வன) கருக்களில் இதைத்தான் சோதித்தார். கேஸ்ட்ருலா (கேஸ்ட்ருலேஷன் நடக்கும் நிலையிலுள்ள கரு) தொடக்கத்தில் நரம்பாக வேண்டிய துண்டைத் தோலாகும் இடத்தில் வைத்தால் அது தோலாகிவிட்டது. கேஸ்ட்ருலா முடியும் தறுவாயில் வைத்தபோது தோலுக்கு நடுவே நரம்புத்தகடு வந்தது. ஃபேட் இரண்டு தடவையும் ஒன்றேதான், மாறியது டிடெர்மினேஷன்.

பிளாஸ்டோபோரின் (செல்கள் உள்ளே போகும் வாயின்) மேலுதடு மட்டும் தொடக்கத்திலேயே மசியவில்லை. ஒட்டிய இடத்தில் இரண்டாவது கருவையே கிளப்பிவிட்டது. வெளிறிய இனத்துத் துண்டை நிறமுள்ள இனத்தில் ஒட்டியதால் எது யாருடைய செல் என்று பார்க்க முடிந்தது. நோட்டோகார்டு பெரும்பாலும் ஒட்டுத்துண்டின் செல்கள், நரம்புக்குழல் பெரும்பாலும் ஏற்ற கருவின் செல்கள். சார் சொன்ன ஹென்சன்ஸ் நோட் இதற்கு ஈடான பகுதிதான். கையால் இந்த ஒட்டுகளைச் செய்தவர் ஸ்பீமனின் மாணவி ஹில்டே மான்கோல்ட். கட்டுரை 1924இல் வந்தது, அதே ஆண்டு 25 வயதில் தீ விபத்தில் இறந்தார். 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு வந்தது. ஹில்டேயின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

காரைக்குடி_எம்எஸ்சி:
படம் வரையும்போது கருவின் மூன்று செல்படைகளில் வெளியே இருக்கும் புறப்படைக்கு நீலம், நடுப்படைக்குச் சிவப்பு, உள்ளே இருக்கும் அகப்படைக்கு மஞ்சள். பெரும்பாலான புத்தகங்களில் இதே வழக்கம்தான். தவளைக்கு ஒன்று கோழிக்கு ஒன்று என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. காகித விளிம்பு வைத்து வரைந்து பார்த்தேன் சார், மூன்று படமும் அப்படியே வந்தது! முதல் வெட்டில் நரம்புக்குழலுக்குக் கீழே குடலும் மூடியிருக்கிறது, இரண்டாவதில் குடல் யோக் (மஞ்சள்கரு) மேல் விரிந்து கிடக்கிறது. இதற்கும் தலை முந்துவதுதான் காரணமா?

ஸ்லைடுபெட்டி:
முன்குடலுக்கு ஆமாம். தலைமடிப்பு எழும்பும்போது கீழே அகப்படை பை போல மூடிக்கொள்கிறது, அந்த மூடல் பின்னோக்கி நகர்கிறது. ஆனால் இதைக் குடல் முழுவதற்கும் நீட்டிவிடாதீர்கள். பின்னால் வால்மடிப்பு எழும்பி, பின்குடல் அந்தப் பக்கத்திலிருந்து முன்னோக்கி மூடும். இரண்டும் நெருங்கி வர, நடுக்குடல் மட்டும் யோக் காம்பு வழியாகக் கடைசிவரை திறந்திருக்கும். 72, 96 மணி நேர ஸ்லைடுகளில் அந்தக் காம்பைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் வரைந்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.