ஹோம் அசிஸ்டன்ட்: கான்ஃபிகரேட்டரில் கோப்பு திறக்கிறது, சேமிக்க முடியவில்லை

மொட்டைமாடி:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை டாக்கர் கன்டெய்னராக (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் தனிப் பொதியாக) ஓட்டுகிறேன். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்பதற்காக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக நுழைந்து, நானோ எடிட்டரில் அமைப்புகள் இருக்கும் யாமல் கோப்பைத் திருத்துவது சிரமமாக இருக்கிறது. பிரவுசரிலேயே திருத்த வேண்டும். வீடியோக்களில் ஆட்-ஆன் (கூடுதல் செயலி) ஸ்டோருக்குப் போய் ஃபைல் எடிட்டரை நிறுவச் சொல்கிறார்கள். என்னிடம் அந்த ஸ்டோரே இல்லை. அதனால் ஹாஸ் கான்ஃபிகரேட்டர் என்ற பிரவுசர் எடிட்டரைத் தனியாக இறக்கி, என் சாதாரணப் பயனர் கணக்கில் சர்வீஸாக ஓடவிட்டேன். 3218 போர்ட்டில் பக்கம் திறக்கிறது, கோப்புகளைப் படிக்க முடிகிறது. சேமித்தால் மட்டும் ‘பெர்மிஷன் டினைடு’. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

இன்னொன்று: இதே பக்கத்தை ஹோம் அசிஸ்டன்ட்டின் பக்கப்பட்டியில் சேர்த்தேன். வீட்டுக்குள் தெரிகிறது. வெளியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் போனால் வெறும் வெள்ளைத் திரை.

யாமல்பித்தன்:
ஸ்டோர் இல்லாததில் உங்கள் தவறு எதுவும் இல்லை நண்பரே. ஆட்-ஆன்களை நடத்துவது சூப்பர்வைசர் என்ற பகுதி. ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்-ல் அது உண்டு, தனிக் கன்டெய்னரில் கிடையாது. கான்ஃபிக் ஃபோல்டரில் ‘எல்எஸ் -எல்’ அடித்து, கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

மொட்டைமாடி:
எல்லாமே ரூட் (நிர்வாகிக் கணக்கு) பெயரில். அனுமதி 644.

யாமல்பித்தன்:
அப்போ காரணம் அதுதான். கன்டெய்னர் ரூட்டாக ஓடுவதால் அது உருவாக்கும் கோப்புகளும் ரூட் பெயரில் விழுகின்றன. 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்தான். அதனால்தான் திறக்கிறது, சேமிக்கவில்லை.

கோப்புகளை உங்கள் பெயருக்கு மாற்றினால் இன்றைக்கு வேலை செய்யும். ஆனால் ஆட்டோமேஷனை ஹோம் அசிஸ்டன்ட் திரையிலிருந்து திருத்தும்போது அந்தக் கோப்பு திரும்பவும் ரூட் பெயருக்குப் போகலாம். கான்ஃபிகரேட்டரையும் ஒரு கன்டெய்னராக ஓட்டி, அதே ஃபோல்டரை அதற்கும் மவுன்ட் செய்வதுதான் (இணைப்பதுதான்) நிலையான வழி. பேஸ்பாத் அமைப்பில் அந்த ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, என்ஃபோர்ஸ் பேஸ்பாத்தையும் ஆன் செய்யுங்கள். எடிட்டர் அதற்கு வெளியே போகாது.

777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வைஃபை கடவுச்சொல் முதல் எல்லாம் அந்த ஃபோல்டரின் சீக்ரெட்ஸ் கோப்பில்தான் இருக்கும்.

சாவிக்கொத்து:
இடையில் வருகிறேன், ஏனென்றால் இது முக்கியம். நீங்களாக வைக்காதவரை கான்ஃபிகரேட்டருக்குக் கடவுச்சொல் கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்தே ஷெல் கட்டளை ஓட்டவும் வசதி உண்டு. ரூட்டாக ஓட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் யூசர்நேம், பாஸ்வேர்ட் வையுங்கள். அலோவ்டு நெட்வொர்க்ஸில் வீட்டு நெட்வொர்க்கை மட்டும் சேருங்கள். அப்புறம்தான் ஓடவிட வேண்டும். 3218-ஐ ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்திருந்தால் (வெளி இணையத்துக்குத் திறந்திருந்தால்) இப்போதே எடுத்துவிடுங்கள்.

வெள்ளைத் திரைக்குக் காரணம் வேறு. ஹெச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் ஹெச்டிடிபி பக்கத்தை வைத்தால் பிரவுசர் தடுத்துவிடும். ரிவர்ஸ் பிராக்ஸி (முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) மூலம் அதற்கும் சான்றிதழ் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் வேண்டாம். யாமல் திருத்தும் வேலையை வீட்டுக்குள் இருக்கும்போது தனி டேபில் செய்தால் போதும். வெளியிலிருந்து செய்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான இணைப்பு) போட்டு உள்ளே வாருங்கள்.

மொட்டைமாடி:
ஃபார்வர்டு செய்துதான் வைத்திருந்தேன்! எடுத்துவிட்டேன். கடவுச்சொல் வைத்து, கன்டெய்னராக மாற்றினேன். சேமிக்கிறது, மிக்க நன்றி. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட்டின் டெவலப்பர் டூல்ஸில் கோப்பைச் சோதித்தால் ‘மேப்பிங் வேல்யூஸ் ஆர் நாட் அலோவ்டு ஹியர்’ என்கிறது.

யாமல்பித்தன்:
ரீஸ்டார்ட் செய்யாமல் முதலில் சோதித்தது நல்லது. அந்தச் செய்தியிலேயே வரி எண் இருக்கும். அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் பாருங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுப்போயிருக்கும், அல்லது உள்தள்ளல் ஒன்றிரண்டு எழுத்து நகர்ந்திருக்கும். இரண்டிரண்டு ஸ்பேஸாகத் தள்ளுங்கள். டேப் விசையின் எழுத்தை யாமல் ஏற்காது.

மொட்டைமாடி:
மேல் வரியில்தான் இருந்தது. ‘பிளாட்ஃபார்ம்’ பக்கத்தில் முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை. சரிசெய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன், எழுந்துவிட்டது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றதையும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருவருக்கும் நன்றி.