சரிவு வரைபடம் முழுக்க 89 டிகிரி காட்டுகிறது (லோயஸ் பீடபூமி), உதவி தேவை

நிலவன்22:
அவசரம். சீனாவில் யான்ஆன் பக்கம் லோயஸ் பீடபூமியில் சரிவுக்கும் மண்ணரிப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கிறேன். டெம் (நில உயரத் தரவு) இறக்கி ஸ்லோப் (சரிவு கணக்கிடும் கருவி) ஓட்டினால் படம் முழுக்க ஒரே வெள்ளை. எங்கே தொட்டாலும் 89க்கு மேல். அதை ரஸ்ல் கணக்கில் (மண்ணரிப்பை மதிப்பிடும் சூத்திரம்) போட்டால் அரிப்பு எங்கேயோ போய் நிற்கிறது. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். என்ன செய்வது?

காவிரிக்கரை:
எந்த டெம்? எஸ்ஆர்டிஎம்மா, கோப்பர்னிகஸா? எந்த மென்பொருள்? ப்ரொஜெக்‌ஷன் (பூமியைத் தட்டைப் படமாக்கும் முறை) என்ன? இதைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது நண்பா.

மேட்டுநிலம்:
89 வருவது தப்பே இல்லை என்று நினைக்கிறேன். லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்மண். காய்ந்திருக்கும்வரை செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் அதில் வீடே குடைந்து வாழ்கிறார்கள். டெம் அதைத்தான் காட்டுகிறது.

தாழ்வாரம்:
சுவர் செங்குத்து, சரி. மேட்டின் தலையில் இருக்கும் தட்டையான வயலும் 89 டிகிரியா? 30 மீட்டர் பிக்சலில் லோயஸ் சுவர் தெரியவே தெரியாது, சராசரியில் கரைந்துபோகும்.

நிலவன், லேயர் விவரத்தைத் திறந்து பிக்சல் அளவைப் பாருங்கள். 0.000278 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அகலம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருக்கிறது. பக்கத்துப் பிக்சல் ஒரே ஒரு மீட்டர் உயர்ந்திருந்தாலும் 1ஐ 0.000278ஆல் வகுக்கும், கோணம் 89.98. முதல் வருடப் பாடம் இது. படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

காவிரிக்கரை:
அண்ணா, அவர் அவசரத்தில் கேட்கிறார், விடுங்கள். நிலவன், டெம்மை மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 49 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள் (இபிஎஸ்ஜி எண் 32649). மாற்றும்போது புதிய பிக்சல் மதிப்பைக் கணக்கிட நியரஸ்ட் நெய்பர் வேண்டாம், பைலீனியர் அல்லது கியூபிக் வையுங்கள். இல்லையென்றால் சரிவுப் படத்தில் வரிவரியாகக் கோடு விழும்.

பாறைமகன்:
மாற்றாமலே ஸ்லோப் கருவியின் ஸ்கேலில் (ஒரு டிகிரிக்கு எத்தனை மீட்டர்) 111120 போட்டால் போதுமே?

காவிரிக்கரை:
நிலநடுக்கோட்டுப் பக்கம் ஓரளவு ஓடும். யான்ஆன் 36.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 89 கிலோமீட்டர்தான். கிழக்கு மேற்காகப் போகும் சரிவெல்லாம் உள்ளதைவிடக் குறைவாக வரும்.

பாறைமகன்:
சரி. அப்படியென்றால் 12.5 மீட்டர் ஆலோஸ் பால்சார் டெம்மை எடுக்கலாம், துல்லியம் அதிகம்.

தாழ்வாரம்:
அது 12.5 மீட்டரில் அளந்த டெம் இல்லை. ரேடார் படத்தைத் திருத்துவதற்காக, பெரும்பாலும் எஸ்ஆர்டிஎம்மையே நறுக்கி நிரப்பியது. பிக்சல்தான் சிறியது, தகவல் அதேதான். பலமுறை சொல்லியாகிவிட்டது.

மேட்டுநிலம்:
சரிவையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அங்கே எல்லாம் மரம்தான். 1999இல் செங்குத்து வயல்களை விட்டுவிட்டுக் காடு வளர்க்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் ஆற்றில் ஆண்டுக்கு 160 கோடி டன் போன வண்டல் இன்று 30 கோடிக்கும் கீழே.

ஓடைக்கரை:
மரம் மட்டும் இல்லை. 1970களிலேயே வண்டல் குறையத் தொடங்கிவிட்டது. அப்போது வேலை செய்தவை படிவயல்களும் ஓடைக்குக் குறுக்கே கட்டிய வண்டல் அணைகளும். செடிகொடியின் பங்கு பெரிதானது பிறகுதான்.

பாறைமகன்:
மஞ்சள் ஆற்றின் சியாவோலாங்தி அணைதான் முக்கியக் காரணம்.

ஓடைக்கரை:
அந்த 160 கோடி பீடபூமியை விட்டு இறங்கும் இடத்துக் கணக்கு. இன்று அதை அளப்பது தொங்குவான் நிலையத்தில். சியாவோலாங்தி அதற்குக் கீழே இருக்கிறது. கீழே கட்டிய அணை மேலே அளக்கும் வண்டலை எப்படிக் குறைக்கும்?

மேட்டுநிலம்:
படிவயலும் மரமும் வந்தது ஒரே மலையில். எதற்கு எவ்வளவு என்று பிரிப்பதே வீண்வேலை.

ஓடைக்கரை:
வீண் இல்லை. வண்டல் அணை ஒருநாள் நிரம்பிவிடும்; நிரம்பிய பிறகு எது மண்ணைப் பிடிக்கும் என்று தெரிய வேண்டாமா?

காவிரிக்கரை:
இழை வேறெங்கோ போகிறது. நிலவனுக்கு இன்னும் ஒன்று. ரஸ்லில் சரிவுக் கோணத்துக்காக வழக்கமாகப் போடும் எஸ் காரணியின் சூத்திரம் (16.8 சைன் – 0.5) இந்த நிலத்துக்குப் போதாது. 10 டிகிரிக்கு மேல் லோயஸ் சரிவுகளிலேயே அளந்து உருவாக்கியது 21.91 சைன் – 0.96. 25 டிகிரியில் முதலாவது 6.6 தரும், இரண்டாவது 8.3. சின்ன வித்தியாசம் இல்லை.

அதைவிட முக்கியம் பள்ளத்தின் தோள்கோடு. மேட்டுச் சரிவு முடிந்து சட்டென்று பள்ளத்துக்குள் இறங்கும் விளிம்பைத்தான் சொல்கிறேன். அதற்கு மேலே மழைநீர் பரவலாகவும் சிறு வாய்க்காலாகவும் அரிக்கும். ரஸ்ல் கணக்கிடுவது அதை மட்டும். கீழே சுவர் சரிகிறது, செங்குத்து வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே சுரங்கம்போல அரிக்கிறது. சரிவு எண்ணுக்கு அங்கே வேறு அர்த்தம். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

நிலவன்22:
யூடிஎம் மாற்றினேன், வந்துவிட்டது. அதிகபட்சம் 47. மிக்க நன்றி.

தாழ்வாரம்:
எந்த டெம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஓடைக்கரை:
நிலவன், தோள்கோட்டை எப்படிப் பிரித்தீர்கள்? 30 மீட்டரில் குறுகிய பள்ளங்களின் தோள் மழுங்கிவிடும். கையால் வரைந்தீர்களா, சரிவு மாறும் இடத்தை வைத்தா? எனக்கும் அதேதான் சிக்கல்.